பெயின்ற் வாளிக்குள் நாகம்

கொழும்பு வெள்ளவத்தையில் கால்வாய்ப் பக்கமாக இறங்குகிற ஓர் ஒழுங்கையில், நாலு மாடி ஃபிளாட் ஒன்றின் உச்சியில், நாகேந்திரம் என்றொரு மனுஷன் வாடகைக்குக் குடியிருந்தார். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு லோயரிடம் கிளாக்கர் வேலை. வயது ஐம்பதுக்கு மேல், முன்மண்டை முழுக்க வழுக்கை. பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஹோல்ட்டில் வேறு யாராவது இறங்கும்போது தானும் இறங்கித் திரும்பி நடந்து வருகிற பிறவி. இந்த மனுஷன் விஷப்பாம்பு பிடிக்கிறவர் என்று சத்தியம் பண்ணிச் சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் பிடித்தார். சும்மா பிடிக்கவுமில்லை, பிடித்துவிட்டுப் பிரசங்கமும் வைத்தார்.

இந்த விசர் அவருக்குத் தொற்றியது புதுக்கடையில்தான். ஒரு நாள் கந்தோர் அலுமாரிக்குப் பின்னால் ஒரு புடையன் பாம்பு வந்து படுத்துவிட்டது. கோட்டில் எழும்பி நின்றால் நீதவானையே தண்ணி குடிக்க வைக்கிற லோயர்மார் எல்லாரும் மேசைக்கு மேல் ஏறி, கறுப்புக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீச்சிட்டார்கள். தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையில் வேலை செய்கிற ஒருவன் வந்து, ஒரு குழாயையும் ஒரு சாக்கையும் வைத்துக்கொண்டு, வெற்றிலை மென்றபடியே காரியத்தை முடித்துவிட்டுப் போனான். மேசைக்கு மேல் நின்ற நாகேந்திரத்துக்கு அதைப் பார்த்ததும் காதல் பிடித்துவிட்டது. பாம்பின்மேல் முக்கால், அந்த வெற்றிலைக்காரனின் அலட்சியத்தின்மேல் கால்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் தெஹிவளைதான். கண்ணாடிக்குள் கிடக்கிற பாம்பைக் காலையிலிருந்து மத்தியானம்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு அது போதாமல், கால்வாய்க்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு குந்தத் தொடங்கினார். எந்தக் கல்லில் சாரை வெயில் காயும், எந்தப் பொந்துக்குள் நாகம் போய்வரும், மழை பெய்தால் எது எந்த மதிலுக்கு ஏறும் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனைவி மங்கையற்கரசிக்கு இது பெரிய மானக்கேடு. "மற்றாக்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகினம். என்ர மனுஷன் கால்வாயடியில போய்க் குந்துது. பாக்கிற சனம் வயித்துப்போக்கு எண்டு நினைக்காதே?" என்று கேட்பாள். நாகேந்திரம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவர் பாம்பு பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். கையால் பிடிக்கிறவன் சாகப் பிறந்த மடையன் என்பது அவருடைய கட்சி. அறைக்குள் நிற்கிற சனத்தை முதலில் வெளியேற்றுவார். கதவுக்கு அடியில் ஈரத் துவாயைத் திணிப்பார். மங்கையற்கரசியின் தலையணை உறையொன்றை ஒரு பிளாஸ்ரிக் குழாயின் வாயில் கட்டி, குழாயைச் சுவரோரமாய் வைத்துவிட்டு, கழற்றியெடுத்த யன்னல் திரைக் கம்பியால் பாம்பை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் திருப்புவார். இருட்டைக் கண்டால் அது தானாகவே உள்ளே போய்விடும். உறையின் வாயை முறுக்கிக் கட்டி, மூடியில் துளை போட்ட பழைய பெயின்ற் வாளிக்குள் இறக்கினால் வேலை முடிந்தது. மந்திரமும் மகுடியும் எதிர்பார்த்து யன்னலில் தொங்கிய சனத்துக்குச் சப்பென்று போய்விடும். அதைச் சரிக்கட்டத்தான் பிரசங்கம். பாம்பு பால் குடிக்காது, மகுடிக்கு ஆடாது, துரத்திக்கொண்டு வராது என்று அவர் தொடங்கினால், பாம்புக்கு ஓடாத சனம்கூட ஓடும்.

அந்த ஃபிளாட் சனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாகம் என்றால் எல்லாருக்கும் கடவுள். அடிக்கப்படாது, பாவம். ஆனால் கடவுள் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் வரப்படாது, அவரை அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வரும்வரை "தம்பி நாகேந்திரம், ஓடி வாங்கோ" என்பார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கும்போது, கையெடுத்துக் கும்பிட்ட அதே சனம் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூக்கைப் பொத்தும். பாம்பு நாறாது என்று அவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

சண்டைக்காலம் அது, தொண்ணூறுகளின் பின்பாதி. கொழும்பில் தமிழன் ஒருவன் பையோடு நடந்தாலே அரைக் குற்றவாளி. மூடி போட்ட வாளியோடு நடந்தால் கேட்கவே தேவையில்லை. ஆனால் கால்வாய்ப் பாலத்துச் செக்பொயின்ற்றில் நின்ற ஆமிப் பொடியன்கள் முதல் நாளே வாளியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்து வந்த சீறலைக் கேட்டு, ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தவர்கள். அன்றிலிருந்து அவரைக் கண்டால் "நய் மாத்தயா", நாகத்து ஐயா, என்று வழிவிட்டார்கள். வெள்ளவத்தை முழுக்க ஐ.சி. என்கிற அடையாள அட்டையைக் கேட்காமல் அனுப்பப்படுகிற ஒரே தமிழன் தான்தான் என்று நாகேந்திரத்துக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையோடு திரீவீலில் ஏறி, அத்திடியச் சதுப்பில் பாம்பை விட்டுவிட்டு வருவார்.

இந்தப் பெருமை ஒருவருக்கு மட்டும் கண்ணில் குத்தியது. கீழ்மாடியில் சொந்த வீட்டுக்காரராய் இருந்த கதிர்காமநாதன், ஓய்வுபெற்ற கணக்காளர், ஃபிளாட் சங்கத்தின் தலைவர். பின்வளவு கால்வாயைப் பார்த்தபடி இருப்பதால் நாகேந்திரத்தை அதிகம் கூப்பிட்டது அவர் வீடுதான். சங்கக் கூட்டத்தில் அதிகம் கண்டித்ததும் அவர்தான். "மிஸ்டர் நாகேந்திரம், காலம் கெட்டுக் கிடக்குது. நீர் வாளியோட திரிஞ்சால் முழு பில்டிங்குக்கும் கரைச்சல். கண்ணியமான குடும்பங்கள் இருக்கிற இடம் இது." கூப்பிடும்போது தம்பி, கூட்டத்தில் மிஸ்டர். நாகேந்திரம் இந்த வித்தியாசத்தைக் கவனித்தாலும், தன்னை விட்டால் இவருக்கு வேறு கதியில்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று தெரியவந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம்.

அன்று கதிர்காமநாதனின் மகள் சாந்தரூபியைப் பெண் பார்க்க லண்டன் மாப்பிள்ளை பகுதி வருவதாக ஏற்பாடு. வடையும் பயிற்றம்பணியாரமும் பொரிகிற மணம் நாலாம் மாடிவரை ஏறியிருந்தது. சாந்தரூபியின் சாதகத்தில் நாகதோஷம் என்பது ஊரறிந்த இரகசியம். எத்தனையோ இடம் அதனாலேயே தட்டுப்பட்டுப் போனது. இந்த முறை பெற்றோர் கெட்டிக்காரத்தனமாய், "சின்னத் தோஷம் ஒண்டு இருந்தது, கோயிலில கழிப்புச் செய்தாச்சு, இப்ப ஒண்டுமில்லை" என்று மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மூன்று மணிபோல, கழித்த தோஷம் திரும்பி வந்து சாமியறையில் குத்துவிளக்குக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது.

கதிர்காமநாதன் தானே படியேறி வந்தார். பட்டுவேட்டி, சந்தனப்பொட்டு, முகத்தில் இரத்தம் இல்லை.

"தம்பி, ஒருக்கா வாங்கோ. சாமியறைக்குள்ள நிக்குது. பெரிசு."

நாகேந்திரம் வாளியைத் தூக்கினார். கீழே சாந்தரூபி கூறைக்குக் கட்டுகிற மாதிரிச் சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு, சாமியறைக் கதவுக்கு அடியில் ஈரத் துவாயைத் தானே திணித்துவிட்டுக் காவல் நின்றாள். அந்த வீட்டில் மூளையுள்ள ஒரே ஆள் அவள்தான் என்று நாகேந்திரம் எப்போதும் சொல்லுவார். உள்ளே நல்ல முற்றிய நாகம். படத்தை விரித்து, கழுத்தின் பின்புறம் இருந்த வட்டத்தைக் காட்டித் திரும்பி, ஒரு தரம் சீறியது. அவர் அசையவில்லை. அதற்கு அலுத்துப்போகும்வரை காத்திருந்து, படம் இறங்கிய பிறகு குழாயை வைத்து, கம்பியால் ஒரு சின்னத் தட்டு. வால் உள்ளே போனதும் உறையை முறுக்கினார். இவ்வளவு வடிவான நாகத்தை அவர் வாழ்நாளில் பிடித்ததில்லை. பிரசங்கம் தொண்டைவரை வந்துவிட்டது.

கதிர்காமநாதன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பின்பக்கத்தால போங்கோ. மாப்பிள்ளை பகுதி மூச்சுக்கூட அறியப்படாது. அறிஞ்சினமெண்டால் என்ர பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு இந்த விளக்குக்கு முன்னால சத்தியம் பண்ணுங்கோ."

நாகேந்திரம் சாந்தரூபியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் விளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார்.

பாலத்தடியில் பழைய பொடியன்கள் இல்லை. வேறு முகாமிலிருந்து புதிதாய் வந்தவர்கள் நின்றார்கள். துளை போட்ட மூடி, கம்பிக் கைப்பிடி, தூக்கிக்கொண்டு வருபவன் தமிழன். "மொகத மே?", இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டவனுக்கு நாகேந்திரம் வழக்கமான சிரிப்போடு "நயெக்" என்றார். நாகம் என்றால் நாகமா, நாகம் என்று பேர் வைத்த வேறு ஏதாவதா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசில் ஊதினான். றோட்டில் வந்த பஸ்கள் நின்றன. நாகேந்திரத்தைக் குப்புறப் படுக்கவைத்து, வாளியை நடுறோட்டில் விட்டு, எல்லாரும் மணல் மூட்டைக்குப் பின்னால் போனார்கள். பிறகு யாரோ ஒரு நீளத் தடியால் மூடியைத் தட்டிவிட்டார்கள். உறைக்குள்ளிருந்து வந்த சீறலில் எல்லாருக்கும் உயிர் வந்தது. குண்டில்லை, நாகம்தான்.

அத்தோடு விட்டிருந்தால் கதை அழகாய் முடிந்திருக்கும். ஆனால் அங்கே ஓர் அதிகாரி இருந்தார், அவருக்கு மூளை கொஞ்சம் அதிகம். கொஞ்சத் தூரத்தில் ஒரு மந்திரியின் வீடு இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு தமிழன் ஏன் உயிரோடு நாகத்தைக் கொண்டு போகிறான்? யாருடைய கட்டிலுக்கு அடியில் விட? எங்கே பிடித்தாய், சொல்.

சத்தியம் நினைவுக்கு வந்தது. "றோட்டோரத்தில்," என்றார் நாகேந்திரம். எந்த றோட் என்று கேட்க, றோட்டில்லை, கால்வாய்க்கரை என்றார். கால்வாய்க்கரையில் எந்த இடம் என்று கேட்க, கால்வாயுமில்லை, ரயில் பாதையடி என்றார். ஆயுள் முழுக்கப் பொய்ச் சாட்சிக்காரர்களின் பேச்சை ரைப் அடித்த மனுஷன், தனக்கென்று ஒரு பொய் சொல்லத் தெரியாமல் முழுசினார். அவர்கள் அவரையும் வாளியையும் ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் ஸ்ரேசனுக்குக் கொண்டு போனார்கள்.

உள்ளே வைத்தால் எப்போது வெளியே வருவது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. போனவர்கள் மாதக்கணக்கில் வராமல் இருந்த கதைகள் அவருடைய கந்தோரிலேயே நிறைய. வாங்கில் இருந்த நாகேந்திரம் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாய் எண்ணினார். ஸ்ரேசன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. வந்து, மூன்று கதை சொன்னவனுக்கு நாலாவது கதை ஏதும் உண்டா என்று கேட்டபோது சத்தியம் உடைந்தது. உண்மையைச் சொன்னார். கீழ் வீட்டுச் சாமியறை, பெண் பார்க்கிற நாள், தோஷம், எல்லாம். ரெலிபோன் நம்பரையும் சொன்னார். ஐயாவைக் கேட்டுப் பாருங்கள், அவர் பெரிய மனுஷன், பொய் சொல்லமாட்டார்.

ஓ.ஐ.சி. எண்ணைச் சுழற்றினார். கதிர்காமநாதன் ரெலிபோன் என்றால் கடலுக்கு அப்பால் நிற்கிறவனுக்குச் சொல்வதுபோல் கத்திக் கதைக்கிற ஆள். அதனால் ஒரு சொல் தவறாமல் நாகேந்திரத்துக்குக் கேட்டது.

"பாம்பா? எங்கள் வீட்டிலா? இல்லை சேர், அப்படி ஒன்றும் இங்கே நடக்கவில்லை. அந்த ஆளா? மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். எனக்குப் பெரிதாகப் பழக்கம் கிடையாது."

பின்னால் யாரோ சிரிப்பதும் கோப்பைகள் கிணுங்குவதும் கேட்டன. நாகேந்திரத்துக்குப் பயம் கூடப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அவமானம். எத்தனை தரம் அந்த வீட்டுக்கு ஓடியிருப்பேன் என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் முட்டியது. பொலிஸ்காரருக்கு முன்னால் அழக்கூடாதென்று கூரையைப் பார்த்தார்.

இதற்கிடையில் ஸ்ரேசனுக்கு ஒரு பிரச்சினை. வாளி மேசைக்குப் பக்கத்தில் இருந்து சீறிக்கொண்டேயிருந்தது. ஒரு பொலிஸ்காரரும் அந்தப் பக்கம் போகவில்லை. சாட்சிப் பொருளாய் அலுமாரியில் பூட்டவும் முடியாது. மறுநாள் போயா வேறு, புத்தருக்குரிய பௌர்ணமி. வயதான சார்ஜன் ஒருவர் வந்து தூரத்தில் நின்றபடி வாளியைப் பார்த்தார். அவருடைய முகம் இளகிவிட்டது. "பவ்," என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம். நாகேந்திரம் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நன்றியோடு தலை நிமிர்ந்தார். சார்ஜன் சொன்னது பாம்பை. அந்த அப்பாவிப் பிராணி மூச்சுமுட்டிச் செத்தால் எல்லாருக்கும் பாவம், உடனே கொண்டுபோய் விடவேண்டும் என்று ஓ.ஐ.சி.யிடம் மன்றாடினார். ஓ.ஐ.சி.யும் கும்பிடுகிற ஆள்தான், தலையாட்டினார். ஆனால் வாளியை யார் தொடுவது?

அப்படித்தான் நாகேந்திரம் துவக்கோடு நாலு பேர் காவலுக்கு இருக்க, மடியில் நாகத்தை வைத்துக்கொண்டு பொலிஸ் ஜீப்பில் அத்திடியவுக்குப் போனார். வழியில் ஒரு செக்பொயின்ற்றிலும் ஜீப்பை மறிக்கவில்லை. சதுப்போரம் இறங்கி, உறையின் முடிச்சை அவிழ்த்து, கம்பியால் அடியைத் தூக்கிப் பிடித்தார். நாகம் வெளியே வந்து, அரைப்படம் விரித்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரப்படாமல் புல்லுக்குள் போனது. சார்ஜன் தொப்பியைக் கழற்றிக் கைகூப்பினார். அதனிடம் யாரும் ஐ.சி. கேட்கவில்லை. எந்த ஊர், எப்போது கொழும்புக்கு வந்தாய், இங்கே உனக்கு யார் பொறுப்பு என்று ஒரு கேள்வி இல்லை. பிறகு ஒருவன் நாகேந்திரத்தின் தோளில் தட்டி, ஏறு என்றான். பாம்பை விட்டாயிற்று. அவரைத் திரும்பக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் போட்டார்கள்.

மங்கையற்கரசிக்கு விஷயத்தைச் சொன்னது சாந்தரூபி. கையில் பலகாரத் தட்டோடு யாருக்கும் தெரியாமல் நாலு மாடியும் ஏறி வந்து, "அன்ரி, அங்கிளைப் பொலிஸ் பிடிச்சிட்டுது. அப்பா தெரியாதெண்டு சொல்லிப்போட்டார்," என்று சொல்லிவிட்டு அழுதாள். மங்கையற்கரசி கீழே போனபோது கதிர்காமநாதன் கதவை ஒரு சாண் திறந்து, ஆக்கள் நிற்கினம், நாளைக்குப் பார்ப்போம் என்று சாத்தினார். இரவு முழுக்க அவள் கணவனையும் பாம்பையும் தன் தலைவிதியையும் மாறி மாறித் திட்டினாள். விடிந்ததும் கதிர்காமநாதனின் வாசலில் போய் நின்றாள். "நீங்கள் இப்ப என்னோட ஸ்ரேசனுக்கு வாறியள். இல்லாட்டி நான் மாப்பிள்ளை பகுதி நிக்கிற ஹோட்டலுக்குப் போறன்," என்றாள். ஆறுதலாய்த்தான் சொன்னாள். கதிர்காமநாதன் காலைத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வெளிக்கிட்டார்.

ஸ்ரேசனில் அவரை ஓ.ஐ.சி. மேலும் கீழும் பார்த்தார். "நேற்று உங்கள் வீட்டில் பாம்பே இல்லை என்றீர்கள். இன்றைக்கு இருந்தது என்கிறீர்கள். எது உண்மை?"

கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார். "நேற்று வீட்டில் ஆட்கள் இருந்தார்கள் சேர்."

ஓ.ஐ.சி.க்கு இது உடனே விளங்கிவிட்டது. அவருக்கும் கட்டிக்கொடுக்க மகள்மார் இருந்திருக்கலாம். அவர் தலையாட்டி, கூட்டைத் திறக்கச் சொன்னார். அதற்குள் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த நாகேந்திரம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

திரீவீலில் மூன்று பேரும் நெருங்கி இருந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் கதிர்காமநாதனுக்குக் குரல் திரும்பி வந்தது. "பாத்தீரே தம்பி, உமக்காக நான்தான் வரவேண்டிக் கிடந்தது. நல்ல காரியம், சாந்தரூபிக்கும் சரிவந்திட்டுது. வாற மாதம் கலியாணப் பதிவு எழுத்து, வீட்டிலதான் வைக்கிறம். நீங்களும் வரவேணும்." நாகேந்திரம் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்காமநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு போனால் மற்றது சோடியைத் தேடி அதே இடத்துக்கு வருமெண்டு சொல்லினம். உண்மையே?"

அது பச்சைப் பொய். பாம்பு சோடியையும் தேடாது, பழியும் வாங்காது, முகத்தை நினைவு வைத்திருக்கிற வேலை அதற்கு இல்லை. சனம் காலங்காலமாய் அவிழ்த்துவிட்ட புளுகு. மங்கையற்கரசி, தொடங்கப்போகிறது பிரசங்கம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"வரும் அண்ணை," என்றார் நாகேந்திரம்.

கதிர்காமநாதனின் கை திரீவீல் கம்பியை இறுக்கிப் பிடித்தது. "எப்ப வரும்?"

"அது நாள் சொல்லேலாது," என்றார் நாகேந்திரம். "வீட்டில ஆக்கள் நிக்கேக்க வரும்."